குண்டு சுமந்தவர்கள்

கடலூர்ப் பக்கத்தில் 'குண்டு' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் இன்றைக்கும் உண்டு. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை நிலத்தையும் எடுத்துக்கொண்ட கதை அதில் இருக்கிறது. ஊர்ப்பெயர்கள் மறக்காததை நம் சரித்திர நாவல்கள் பெரும்பாலும் மறந்துவிட்டன. நமக்குச் சரித்திரம்னா சோழர். சிதம்பரம்னா தேவார ஏடுகள் மீட்கப்பட்ட தலம். அதே கோயில் மதில் கோட்டைச் சுவராகி, 1781 ஜூனில் ஹைதர் அலியின் படை உள்ளிருந்து அயர்கூட்டின் தாக்குதலை முறியடித்தது நம் கதையாடலுக்குள் வருவதில்லை.

இந்த அயர்கூட் பிறந்தது அயர்லாந்தில். 1760 ஜனவரியில் வந்தவாசியில் அவரிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, அயர்லாந்திலிருந்து பிரான்ஸுக்குப் போன ஒருவரின் மகன். 1691 லிமெரிக் உடன்படிக்கைக்குப் பின் வெளியேறிய கத்தோலிக்கப் படைகளின் மரபில் வந்தது லாலியின் ரெஜிமெண்ட். கூட்டோ நிலவுடைமைப் புராட்டஸ்டண்ட் குடும்பத்துப் பிள்ளை. ஒரு நாட்டின் உள்விரோதம் நம்மூர்ப் பொட்டலில் வந்து சுட்டுக்கொண்டது என்றும் இதை வாசிக்கலாம்.

தாக்கரேயின் 'பாரி லிண்டன்' (1844) இதே ஏழாண்டுப் போரின் ஐரோப்பிய முகம். அதில் ஓர் அயர்லாந்து இளைஞன் முதலில் ஆங்கிலப் படையிலும் பிறகு பிரஷ்யப் படையிலும் மாட்டிக்கொள்கிறான். யார் கொடிக்காகச் சாவது என்ற கேள்வியே அங்கே கேலியாகிவிடுகிறது. தற்பெருமை பேசும் அவன் குரலை நம்பாமல் வாசிக்கவும் பிரதியே நம்மைப் பழக்குகிறது.

லாலியை வைத்து இங்கே ஒருவர் நாவல் எழுதினால்? சோக நாயகன் தயாராக இருக்கிறார். 1761இல் புதுச்சேரி வீழ்ந்தது. 1766இல் பாரிஸில் தலை வெட்டப்பட்டது. வால்டேர் அவருக்காக வாதாடினார். நாடிழந்தவரின் மகன், நன்றிகெட்ட அரசு. கண்ணீருக்குக் குறைவிருக்காது. என் பயமே அதுதான்.

1758இல் கடலூர் முற்றுகைக்குச் சுமையாட்களும் வண்டிமாடுகளும் போதாமல், லாலி புதுச்சேரி ஜனங்களைச் சாதி பார்க்காமல் பிடித்துச் சுமக்க வைத்தார். ஜூன் 2இல் தேவனாம்பட்டினம் கோட்டை விழுந்தது. ஓர்ம் தொடங்கி வரலாற்றாசிரியர்கள் இதை அவருடைய பெரும் தவறாகவே எழுதினார்கள். சாதி தெரியாத முரட்டு அந்நியன் என்று நானும் அப்படியே வாசித்து, தலையாட்டியவன்தான். வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது: மேல்சாதித் தோளில் சுமை ஏறியபோதுதான் அது 'சம்பவம்' ஆகிறது. அதற்கு முன்னும் பின்னும் சுமந்தவர்கள் சம்பவமே இல்லையா? லாலியை விடுதலைக்காரராக்கவும் முடியாது. அவருக்கு வேண்டியது தோள்கள், அவ்வளவுதான்.

1736இலிருந்து 1761 வரை நீளும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பெரிய பொக்கிஷம். ஆனாலும் அது துபாஷியின் கண். அந்த நாட்குறிப்பிலிருந்து டூப்ளே காலப் புதுச்சேரியை எழுப்பிய பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' (சாகித்ய அகாதெமி விருது, 1995) அரண்மனையிலிருந்து சரித்திர நாவலைத் தெருவுக்கு இறக்கியது. அடுத்து வருகிறவர் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து கடலூர்வரை குண்டு சுமந்து நடந்தவன் லாலியைப் பார்த்திருப்பான். அவனுக்கு அவர் அயர்லாந்தா பிரான்ஸா என்பது என்னவாக இருந்திருக்கும்? அந்த இடத்திலிருந்து முதல் வரியைத் தொடங்குகிற நாவலுக்காகக் காத்திருக்கிறேன்.