ஏதிலாரும் இல்லமும்: நாஞ்சில் நாட்டுப் படைப்புகள் மூன்றில் மீளாப் பிரிவு

பிரிவினை இலக்கணமாக வகுத்துக் கண்டது தமிழ். ஓதல், பகை, தூது என்பனவற்றைப் பிரிவிற்குரிய காரணங்களாகத் தொல்காப்பியர் அகத்திணையியலில் எண்ணுகின்றார். காவல் பற்றியும் பொருள் பற்றியும் நிகழும் பிரிவுகளும் ஆண்டுக் கூறப்படுகின்றன. இவற்றுள் ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கே உரியன என்பது அவர் வரையறை. கல்வியின் பொருட்டுப் பிரியும் காலம் மூன்றாண்டினைக் கடவாது என்று கற்பியல் கூறும். இவ்வரையறைகளை யெல்லாம் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அகப்பாட்டின் பிரிவு மீட்சியை உட்கொண்ட பிரிவு. தலைவன் போவான்; கார்ப்பருவம் வரும்; அவனும் வருவான். அவன் வரத் தாழ்ப்பினும், அவன் வந்து சேர்தற்குரிய இல்லம் ஒன்று உண்டு என்பதில் தலைவிக்கோ தோழிக்கோ ஐயமில்லை.

மீண்டுவர இல்லமே இல்லாதவனது பிரிவை எவ்வகையுள் அடக்குவது? இவ்வினாவை நாஞ்சில் நாட்டுப் படைப்புகள் மூன்றினைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்', நாஞ்சில்நாடனின் 'எட்டுத் திக்கும் மதயானை' (1998), செயமோகனின் 'நூறு நாற்காலிகள்' (2011) என்பன அவை. முதலாவது செய்யுள்; இரண்டாவது நாவல்; மூன்றாவது 'அறம்' என்னும் தொகுதியில் அமைந்த நெடுங்கதை. மூன்றும் காலத்தானும் வடிவத்தானும் வேறுபட்டவை. ஆயினும் ஒரே வினாவைச் சுற்றி நிற்பவை.

'ஏதிலார்' என்ற சொல்லுக்கு அயலார் என்று பொருள் கொள்வது வழக்கம். வேற்றூரினின்று வந்தவன் அயலான் என்பது பொதுவான எண்ணம். வடசேரியில் வாழ்வார்க்கு இவ்வெண்ணம் அத்துணைப் பொருத்தமாகத் தோன்றாது. கனகமூலம் சந்தைக்குக் காய்கறியும் கிழங்கும் கொண்டுவருவோர் பல ஊரார். வெளியூர்ப் பேருந்துகள் புறப்படும் நிலையமும் இங்கேயே உள்ளது. நாள்தோறும் வருவாரும் போவாருமாக இருக்கும் இவ்வூரில் வேற்றூரான் வியப்புக்குரியவன் அல்லன். ஆயினும், இவ்வூர்க்கு அணித்தாயுள்ள சுசீந்திரத்தில், அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த மக்கள் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடத்தற்கு 1926ஆம் ஆண்டில் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் அரசின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936இல் தான் வெளிவந்தது. ஆகவே இந்நாட்டில் ஏதிலார் என்பார் வெளியினின்று வந்தவர் அல்லர். உள்ளேயே பிறந்து வெளியே நிறுத்தப்பட்டவர். யாம் எடுத்துக்கொண்ட படைப்புகள் காட்டும் ஏதிலாரும் இத்தகையோரே.

முதற்கண் மான்மியத்தை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் 'தமிழன்' என்னும் இதழில் இப்பாடல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அக்காலத்து நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்துரிமை மருமக்கள்வழிப்பட்டது. ஒருவன் தேடிய பொருள் அவன் மக்களைச் சேராது. உடன்பிறந்தாள் மக்களைச் சேரும். மனைவியும் மக்களும் 'உகந்துடைமை' என்ற சிறு பங்கினை எதிர்பார்த்து நிற்க வேண்டியவர்கள். காரணவர் ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் வரலாற்றைத் தானே கூறுவதாகக் கவிமணி இதனை அமைத்துள்ளார். 'மாமி அரசியற் படலம்', 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்ற தலைப்புகளே காவியப் பெருமிதத்தை எள்ளி நகையாடுவன. மாமியின் ஆட்சியும், மருமகனின் உரிமையும், கோட்டேறிய வழக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அக்குடும்பத்தை அழிக்கின்றன.

இந்நூலை நகைச்சுவை நூல் என்றும், சமுதாயச் சீர்திருத்த நூல் என்றும் பாராட்டுவர். இரண்டும் உண்மையே. ஆயினும் நகைச்சுவையின் அடியில் உள்ளதொன்றனை அவர்கள் போதிய அளவு எடுத்துரைத்திலர். இங்கே ஏதிலாள் யார்? மணம்புரிந்து, ஒரே கூரையின் கீழ் உலைவைத்து, மக்களைப் பெற்ற மனைவியே ஏதிலாள். அவள் எங்கும் பெயர்ந்து போகவில்லை. இல்லத்திற்குள்ளேயே அவள் வெளியாராக வைக்கப்பட்டுள்ளாள். கணவன் உயிரோடிருக்கும் வரையில் மறைந்து கிடக்கும் அவ்வுண்மை அவன் மறைந்த அன்றே வெளிப்படுகின்றது. தந்தைக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள பிரிவும் அத்தகையதே. தந்தை அருகே இருக்கின்றான். ஆனால் அவன் கை மக்கள்பால் நீளுதற்கு வழக்கம் இடந்தரவில்லை. அகப்பொருள் இலக்கணத்தில் இப்பிரிவிற்குப் பெயரில்லை.

மான்மியத்திற்கு ஒரு குறையும் கூறுதல் வேண்டும். அதன் இரக்கம் வேளாளர் இல்லத்தின் முற்றத்தோடு நின்றுவிடுகின்றது. அவ்வில்லத்தின் வயல்களில் உழைத்தவர்களுடைய பிள்ளைகளுக்கு இழக்கத்தக்க பங்கு ஒன்று இருந்ததா என்ற வினா ஆங்கு எழவில்லை. இதனைக் கவிமணியின் பிழை என்று கொள்ளற்க. எடுத்துக்கொண்ட பொருளின் எல்லை என்க. எனினும் அவ்வெல்லைக்கு அப்பால் நின்றவரின் கதை எழுதப்படுதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

அடுத்து, 'எட்டுத் திக்கும் மதயானை'. இதன் தலைவன் பூதலிங்கம் என்னும் இளைஞன். சாதி வேற்றுமையின் காரணமாக ஊரில் அடியும் அவமதிப்பும் பெற்று, அதற்குப் பழியாக வைக்கோற்போருக்குத் தீயிட்டு, அன்றே ஊரைவிட்டு ஓடுகின்றான். வடபுலத்து நகரங்களிலும் புகைவண்டிகளிலும் கள்ளக் கடத்தற் கூட்டத்தாரிடையிலும் அவன் வாழ்வு உருள்கின்றது. வேலை தேடிப் பம்பாய் சென்று நெடுங்காலம் ஆண்டு வாழ்ந்த ஆசிரியர், மொழியறியாத ஊரில் பசித்து நிற்பவனின் நிலையைப் புனைந்துரை சிறிதுமின்றி எழுதியுள்ளார்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பொருள்வயிற் பிரிவு போலத் தோன்றும். உண்மையில் அன்று. பொருள்வயிற் பிரிந்த தலைவன் சுரங்கடந்து செல்வது இல்லறத்தின் பொருட்டு. ஈட்டிய பொருளோடு மீள்வதே அவன் செலவின் பயன். பூதலிங்கனோ பொருளை நாடிப் பிரிந்தானல்லன். பிரிந்தபின் பிழைத்தற்குப் பொருள் தேடினான். காரணமும் பயனும் இங்கு இடம்மாறி நிற்கின்றன. வேற்றுநாட்டில் அவனை எவரும் சாதி கேட்டு விலக்கவில்லை யெனினும், ஊர் அவனிடத்தில் ஏற்றிய சினம் அவனோடு கூடவே செல்கின்றது. பாலையை நிலத்தில் கண்டனர் பண்டையோர். இவன் பாலையை உள்ளத்தில் சுமந்து திரிகின்றான். நாவல் முழுதும் அவனைப் பின்பற்றிச் செல்லுதலின், வீட்டில் எஞ்சினோரது துயரம் பெரும்பாலும் கேளாமற் போகின்றது. ஓடிப்போன மகனைப் பற்றிய கதை, விடப்பட்ட தாயைப் பற்றிய கதையாகவும் அமைந்திருப்பின் அதன் ஆழம் பெருகியிருக்கும் என்று கருதுகின்றோம்.

அவ்வாழத்தினை 'நூறு நாற்காலிகள்' எய்தியுள்ளது. நாயாடி என்பார் கேரளத்தில் தீண்டாமைக்கு மட்டுமன்றிக் காணாமைக்கும் ஆளாக்கப்பட்ட குடியினர். பிறர் கண்ணிற் படுவதே தீட்டு என்று விலக்கப்பட்டவர்கள். அக்குடியிற் பிறந்த சிறுவன் ஒருவன் துறவியொருவரின் ஆசிரமத்திற் சேர்ந்து கல்வி பெறுகின்றான். தாயிட்டு அழைத்த காப்பன் என்ற பெயர் நீங்கித் தருமபாலன் ஆகின்றான். இந்திய ஆட்சிப் பணியிலும் அமர்கின்றான். கதை தொடங்கும்போது அவன் தாய் நாகர்கோவில் அரசு மருத்துவமனையில் பிச்சைக்காரருள் ஒருத்தியாகச் சாகக் கிடக்கின்றாள்.

இக்கதையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அரசு அலுவலகத்துச் சாதிக் கொடுமையையே எடுத்துரைக்கின்றனர். நேர்முகத் தேர்வில் தருமபாலன் கூறும் விடையையும் அவர்கள் போற்றுவர். நாயாடி ஒருவன் குற்றவாளியாக நிற்குமிடத்து நீ யார்பக்கம் நிற்பாய் என்ற கருத்துடைய வினாவிற்கு, கொலையே செய்திருப்பினும் அநீதி இழைக்கப்பட்டவன் நாயாடியே என்று அவன் விடை தருகின்றான். பதவி கிடைத்தும் ஆணை செல்லாமையை ஆசிரியர் காட்டியிருக்கும் திறமும் பாராட்டத்தக்கதே. ஆயினும் கதையின் உயிர்நிலை அலுவலகத்தில் இல்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையிலுள்ளது என்பது எம் கருத்து.

தருமபாலன் தாயைப் பிரிந்தது கல்வியின் பொருட்டு. ஆகவே இஃது ஓதற்பிரிவே. உயர்ந்தோர்க்கே உரியதென இலக்கணம் ஒதுக்கிய அப்பிரிவு, எல்லாருக்கும் கடைப்பட்டவன் என்று நிறுத்தப்பட்டவனுக்கு இங்கு வாய்க்கின்றது. இலக்கணத்தின் வேலியை ஒரு சிறுவன் தாண்டிவிட்டான் என்று நாம் மகிழ்தல் கூடும். ஆனால் அதற்குக் கொடுத்த விலை யாது? மூன்றாண்டிற்குள் மீளும் பிரிவன்று இது. கற்றவன் கற்றபின் தாய்பால் மீளுதற்கு வழியில்லை. மகன் தாயைக் கண்டெடுத்துத் தன் இல்லத்திற்கு அழைத்து வருகின்றான். ஆண்டு அவள் உண்ணும் முறையும், உடுக்கும் முறையும், பேசும் மொழியும் மனைவிக்குப் பொறுக்கலாகாதனவாகின்றன. அவள் மீண்டும் தெருவிற்கே போகின்றாள். மான்மியத்தின் மனைவி கணவன் இல்லத்தில் ஏதிலாள். இத்தாய் தான் பெற்ற மகனது இல்லத்திலேயே ஏதிலாள். ஊர் செய்த விலக்கை இல்லம் மீண்டும் ஒருமுறை செய்கின்றது.

தாய் மகனிடம் வேண்டுவது வியப்பிற்குரியது. சட்டையையும் காற்சட்டையையும் களைந்துவிடு, நாற்காலியில் உட்காராதே, உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்ற பொருள்பட அவள் கதறுகின்றாள். இதனை அறியாமை என்று ஒதுக்குவார் உளர். யாம் அவ்வாறு கொள்ளவில்லை. தன் வாழ்நாள் முழுதும் கண்டறிந்த உலகநடையைக் கொண்டு மகனைக் காக்க முயலும் அன்பே அது. உடன்போக்கில் மகளை இழந்த நற்றாய், அவள் நடந்து செல்லும் வெஞ்சுரத்தை எண்ணிப் புலம்புவதைச் சங்க இலக்கியத்துட் காண்கின்றோம். இந்நாயாடித் தாய்க்கு வெஞ்சுரம் நாற்காலியே. மகன் அதில் அமர்ந்திருப்பதைக் காணும் போதெல்லாம் அவள் நெஞ்சு நடுங்குகின்றது. மகனும் அவள் அச்சம் பொய்யன்று என்பதை அறிவான். அந்நாற்காலியில் அவனை எவரும் மனத்தளவில் அமரவிடவில்லை என்பதை நாள்தோறும் காண்கின்றவன் அவன். இருவர் கூற்றும் உண்மை. இரண்டும் ஒருங்கு நிற்றல் இயலாது. அவலச்சுவை ஈண்டுப் பிறக்கின்றது. தனக்கு ஒரு நாற்காலி போதாது, நூறு வேண்டும் என்ற எண்ணத்திற்கு இறுதியில் அவன் வருவதை வெற்றி முழக்கமாகக் கொள்ளலாகாது. தாயின் இறுதி வேண்டுகோளை நிறைவேற்ற இயலாத மகனின் துயரமும் அதனுள் அடங்கியுள்ளது.

இங்கும் குறையொன்று உண்டு. தருமபாலனின் மனைவி, தாயை வெளியேற்றுதற்குரிய கருவியளவாகவே நிற்கின்றாள். அவளது அச்சத்திற்கும் அருவருப்பிற்கும் உள்ளே புகுந்து காண ஆசிரியர் முயன்றிருப்பின், விலக்கு என்பது தீயோர் சிலரின் செயலன்று, நல்லோரிடத்தும் படிந்த பழக்கம் என்ற உண்மை இன்னும் தெளிவுற்றிருக்கும்.

துன்புற்றவர் தாமே எழுதாதவற்றை மெய்யென ஏற்கலாமா என்று மாணாக்கர் சிலர் வினவுவர். பெண்ணின் கூற்றாக மான்மியத்தைப் பாடியவர் ஆடவர். நாயாடியின் கூற்றாகக் கதை எழுதியவர் நாயாடியல்லர். இவ்வினா தள்ளத்தக்கதன்று. அவர்கள் தாமே எழுதும் நாளில் நாம் கொண்ட முடிவுகள் பல மாறக்கூடும். அதுவரை யாம் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: பிரிந்து சென்றவனது குரலோடு, விடப்பட்டவரின் குரலும், அக்குரல் நமக்கு இசையாததாயினும், படைப்பினுள் ஒலிக்கின்றதா என்பது. அவ்வளவுகோலால் மான்மியமும் நூறு நாற்காலிகளும் உயர்ந்து நிற்கின்றன. மதயானை ஒருபடி தாழ்கின்றது.

முடிவாக ஒன்று. மான்மியம் காட்டிய துன்பத்திற்குச் சட்டத்தால் மருந்து கிடைத்தது. 1926ஆம் ஆண்டின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் மக்களுக்குத் தந்தை பொருளில் உரிமை நல்கிற்று. நாயாடியின் மகனுக்கும் சட்டம் நாற்காலி நல்கிற்று. ஆயினும் அவன் தாய் அந்நாற்காலியின் அருகே அச்சமின்றி நிற்றற்கு எச்சட்டமும் துணைசெய்யவில்லை. பங்கினைச் சட்டம் பிரித்துத் தரலாம். மீட்சியைத் தருதல் அதற்கு இயலாது. மீளுதற்குரிய இல்லத்தை அமைத்தல் மக்களின் கடன். அக்கடன் இன்னும் தீராது நிற்பதைக் காட்டுதலே இப்படைப்புகளின் பயன் என்பது எம் துணிபு.