தரை இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை

வரலாறு என்பது ஏறக்குறைய வெறும் பிதற்றல் என்று 1916-இல் ஒரு பேட்டியில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஹென்றி ஃபோர்டு. அதே ஆள்தான் பிற்பாடு நீராவி எந்திரம், லேத், கலப்பை என்று கண்ணில் பட்டதையெல்லாம் மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்னில் கொண்டுவந்து குவித்தார். பார்த்தால் முரண்பாடு போலத் தெரியும். ஆனால் அவருடைய புகார் ராஜாக்களையும் போர்களையும் மட்டும் எழுதிய புத்தகங்கள் மீதுதான். உழைப்பவன் கையில் இருந்த கருவியை அவை கண்டுகொள்ளவே இல்லை. புகார் நியாயமானது. அவர் சேகரித்த விதம்தான் எனக்கு உறுத்துகிறது.

எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தை டியர்போர்னில் மறுபடி எழுப்பினார். நியூ ஜெர்சியிலிருந்து மண்ணைக்கூட ரயிலில் கொண்டுவந்தார். 1929 அக்டோபர் 21 அன்று திறப்பு விழா. வந்து பார்த்த எடிசன், எல்லாம் அச்சு அசல், தரைதான் எங்கள் காலத்தில் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்று சொன்னதாகச் சொல்வார்கள். சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அது கறாரான விமர்சனமாகவே படுகிறது. மண் வந்தது, மரம் வந்தது, வேலை நடந்த தடயம் வரவில்லை.

லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் ஜேம்ஸ் வாட்டின் பட்டறை இருக்கிறது. 1819-இல் அவர் இறந்ததும் பூட்டிய மாடி அறை. 1924-இல் கதவு, ஜன்னல், தரைப்பலகை சகிதம் அப்படியே பெயர்த்து வந்தார்கள். 8,000-க்கும் மேற்பட்ட பொருட்கள், ஒழுங்கில்லாமல். அந்த ஒழுங்கின்மைதான் சாட்சி. கைக்கு எட்டும் தூரத்தில் எது இருந்தது, மூலையில் எது கிடந்தது என்பதிலிருந்து ஒரு மனிதன் வேலை செய்த முறையே தெரிகிறது.

அப்படியானால் எதையும் தொடவே கூடாதா? அதுவும் சரியில்லை. மேற்கு லண்டனின் கியூ பிரிட்ஜ் நீரேற்று நிலையத்தில் 1846-இல் கட்டிய கார்னிஷ் எந்திரம் ஒன்று உண்டு. சிலிண்டரின் குறுக்களவே 90 அங்குலம், அதாவது ஏழரை அடி. 1940-களில் ஓய்வு கொடுத்ததை 1970-களில் தன்னார்வலர்கள் திரும்ப ஓடவைத்தார்கள். ஓட்டினால் தேயும், பாகங்களை மாற்ற வேண்டிவரும், பழமை போய்விடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்த வால்வை எப்போது திறப்பது, எந்தச் சத்தம் வந்தால் பயப்படுவது என்பதெல்லாம் இரும்பில் இல்லை, ஆட்களிடம் இருக்கிறது. ஓட்டாவிட்டால் அந்த அறிவு ஒரே தலைமுறையில் போய்விடும்.

ஆக, ஓட்டுவதா அப்படியே விடுவதா என்பதற்குப் பொதுவிதி கிடையாது. எது அழிந்தால் திரும்பக் கிடைக்காது என்று கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வாட்டின் அறையில் அது பொருட்களின் கிடப்பு. கியூவில் அது ஓட்டுபவரின் கைப்பழக்கம்.

இன்று துருப்பிடித்த பழைய வைஸை வாங்கி, மணலடித்து, பளபளவென்று பெயிண்ட் பூசி வீடியோ போடுகிறார்கள். நானும் ரசித்துப் பார்ப்பவன்தான். துருவை எடுப்பது தப்பில்லை, விட்டால் இரும்பையே தின்றுவிடும். ஆனால் தாடையில் இருக்கும் வெட்டுக்காயம் துரு அல்ல. யாரோ பல வருஷம் அதில் ரம்பம் இழுத்த அடையாளம். அதை வெல்டிங்கால் நிரப்பி வழவழப்பாக்கிய பிறகு மிஞ்சுவது நல்ல வைஸ்தான், சந்தேகமில்லை. அப்படி ஒன்று வேண்டுமென்றால் கடையில் புதிதாகவே வாங்கிவிடலாமே.