மை தீண்டாத வெண்மை

வட்டக்கோட்டையைச் சூழ்ந்த குளங்களில் நீர்ப்பறவைகளைக் காணும்போதெல்லாம் மா. கிருஷ்ணனின் (1912–1996) மைச் சித்திரங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான அவர், 1950 முதல் தம் இறுதிவரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளுக்குத் தாமே படம் வரைந்தார். வண்ணமில்லை, கறுப்பு மையும் வெறுந்தாளுமே கருவி. வெண்சிறகைத் தீட்ட மை உதவாது; தாளின் வெண்மையைத் தீண்டாது விடுவதே வழி. எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிந்த கோடு அவருடையது.

நம் ஆலயக் கலையோ கூழைக்கடாவை வேறுவிதமாய்க் கண்டது. மார்பைக் கீறிக் குஞ்சுகளுக்குக் குருதியூட்டும் பறவையாக அதைப் பீடங்களில் செதுக்கினோம். புனித தோமா அக்குவினாவின் நற்கருணைப் பாடலும் கிறிஸ்துவை அப்பறவையின் பெயரால் அழைக்கிறது. பொருள் உயர்ந்ததே, ஆயினும் மெய்ப்பறவை தொண்டைக்குள் கொணர்ந்த மீனையே ஊட்டுகிறது. குறியீட்டைப் போதித்த நாம் பறவையைப் பார்த்தோமா?

கிருஷ்ணனின் சித்திரம் எதையும் போதிப்பதில்லை. அதனை ஒரு குறையென்றே முன்பு எண்ணியிருந்தோம். இன்று அவ்வாறு எண்ணவில்லை. பறவையைப் பறவையாகவே விட்டுவைக்கும் அந்தக் கோட்டில் ஒரு தாழ்ச்சி இருக்கிறது. படைத்தவரின் கைவேலையை உள்ளவாறே காண்பதும் செபமன்றோ!