பெஞ்சமினின் பெட்டிகளும் அண்ணையின் பாக்குவெட்டியும்

எங்கள் புகலிடச் சஞ்சிகைகளில் ஒரு பழைய புத்தகம் வந்தால் அதன் பின்னால் நெருப்பு வரும். ஒரு பித்தளைச் செம்பு வந்தால் அடுத்த பந்தியில் செல் விழும். சைக்கிள் மணி ஒன்று வந்தால் அந்தச் சைக்கிளை ஓடினவர் கட்டுரை முடியுமுன் செத்திருப்பார். வேலை முடிந்து கடைசி றெயிலில் இருந்து வாசிக்கிறபோது, இப்போது எங்களுக்கு முதல் வரியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. 1981இல் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. அழிந்த நூல்கள் 97,000 வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' அந்தக் கோபத்தில் பிறந்த கவிதை. அது அந்த நேரத்துக்கு வேண்டியிருந்தது, இன்றும் நிற்கிறது. எங்களுடைய முறைப்பாடு அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேலாக எழுதப்பட்டு வருபவை பற்றியது. கையில் அகப்பட்ட ஒவ்வொரு பழம்பொருளையும் நடுகல்லாக நட்டுவிடுகிறோம். அந்தப் பொருளைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த கணத்தில் எழுதுபவருக்கு ஒரு சந்தோசம் வந்திருக்கும். வராவிட்டால் இத்தனை எல்லை கடந்து அதைக் காவித் திரிந்திருக்கமாட்டார். ஆனால் அதை எழுத வெட்கப்படுகிறார், செத்தவீட்டில் சிரித்துவிட்ட பிள்ளையைப் போல.

வெட்கப்படாமல் எழுதிய ஒருவரைத் தற்செயலாகக் கண்டோம். பாரிஸின் 15ஆம் வட்டாரத்தில் ஜோர்ஜ் பிரசன்ஸ் பூங்காவின் ஓரத்தில், முன்பு குதிரைச் சந்தை நடந்த இரும்புக் கூரைகளின் கீழே, சனி ஞாயிறுகளில் பழைய புத்தகச் சந்தை கூடுகிறது. அந்தப் பூங்கா முழுவதும் ஒருகாலத்தில் வோஜிறார் கொல்களம். மதியச் சாப்பாட்டு வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கிற மூன்று மணித்தியாலத்தில் அங்கே போவோம். காலையில் இறைச்சி வெட்டிய கையோடு போகிறவர்களுக்கு அந்த இடம் அந்நியமாகத் தெரியவில்லை. அங்கேதான் இரண்டு யூரோவுக்கு, அட்டை பிய்ந்த ஆங்கிலப் பெயர்ப்பில், வால்டர் பெஞ்சமின் வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்த எங்களுக்கு அந்தப் பெயர் விரிவுரைக் குறிப்பில் எழுதிய பெயர். அவ்வளவுதான்.

அதிலுள்ள ஒரு கட்டுரை, தன் நூல்களைப் பெட்டிகளிலிருந்து வெளியே எடுத்து அடுக்குவதைப் பற்றியது. 1931இல் ஜேர்மனியில் வெளிவந்தது. விஷயம் ஒன்றுமில்லை: ஒரு மனிதர் இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த பெட்டிகளைத் திறக்கிறார், தூசி பறக்கிறது, நடுச்சாமம் தாண்டுகிறது, ஒவ்வொரு புத்தகமும் எந்த ஊரில், எந்த ஏலத்தில் கிடைத்தது என்று நினைத்துக்கொள்கிறார். பெர்லினில் பழம்பொருள் ஏலம் விட்டவரின் மகன். கைக்கு வந்த பொருளின் வரலாறு அவருக்கு மணந்திருக்கும். ஒரு பொருளோடு மனிதனுக்கு இருக்கக்கூடிய ஆக நெருக்கமான உறவு அதை உடைமையாக வைத்திருப்பதே என்பது அவருடைய வாதம்.

இதற்குப் பின் நடந்தவை வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1933இல் அவர் ஜேர்மனியை விட்டு வெளியேறினார். நூல்களில் ஒரு பகுதி டென்மார்க்கில் பிரெக்ட்டின் வீட்டில் போய்க் கிடந்தது. பாரிஸில் அகதியாக, அறைகள் மாறி மாறி, தேசிய நூலகத்தின் மேசையில் வருடக்கணக்காக இருந்தார். 1940 செப்டெம்பரில் ஸ்பெயின் எல்லையில் போர்ட்போ என்ற ஊரில் உயிரை விட்டார். ஆகவே அந்தக் கட்டுரையை இன்று வாசிப்பவர்கள் அதன் மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தியே வாசிக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. 1931இல் அவருக்குப் போர்ட்போ தெரியாது. அந்த இரவில் அவர் சந்தோசமாக இருந்தார்; பின்னால் வந்த சாவு அந்த ஓர் இரவைத் திருடக்கூடாது. எங்கள் சஞ்சிகைகள் செய்கிற பிழையும் இதுதான் என்று எங்களுக்குப் பட்டது: முடிவிலிருந்து பின்னோக்கி எழுதுகிறோம்.

ஆனால் பெஞ்சமினோடு எங்களுக்கு ஒரு சண்டை இருந்தது. அனத்தோல் பிரான்ஸ் பற்றிய ஒரு கதையை அவர் சொல்கிறார். நூலகத்தைப் பார்த்து வியந்த ஒருவர், இவ்வளவையும் வாசித்துவிட்டீர்களா என்று கேட்க, பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்கிறார் பிரான்ஸ். உங்களிடமுள்ள செவ்ர் பீங்கானில் நீங்கள் தினமும் சாப்பிடுகிறீர்களா என்று திருப்பிக் கேட்கிறார். கேட்டவர் வாயடைத்துப்போவார் என்பது கதையின் எதிர்பார்ப்பு. எங்களுக்கு வாய் அடைக்கவில்லை. செவ்ர் என்ற ஊர் பாரிஸைத் தாண்டினால் சேன் நதிக்கரையில் இருக்கிறது; பிரெஞ்சு அரசர்கள் காலத்திலிருந்து பீங்கான் செய்கிற இடம். நாங்கள் வேலை செய்த ஒரு றெஸ்ரோரண்டின் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள், அப்படியொரு நீலக்கரைப் பீங்கான் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை அதைத் தூசி தட்ட வேண்டும். அந்தப் பீங்கானைப் பார்த்து முதலாளி மகிழ்ந்ததை நாங்கள் ஒருநாளும் காணவில்லை. தூசி தட்டுகிறபோது எங்களுக்கு வந்தது பயம் மட்டும். அதே குசினியில் கைபிடி உடைந்த ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. மாலி நாட்டுச் சமையற்காரர் அதில் மட்டும்தான் தேத்தண்ணி குடிப்பார். ஒருநாளைக்கு முந்நூறு கோப்பை கழுவினால், எந்தக் கோப்பை ஒருவருக்குப் பெறுமதியானது என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே எங்கள் முடிவு இப்படியிருந்தது: பழம்பொருளின் சந்தோசம் புழக்கத்தில் இருக்கிறது. வாசிக்கவேண்டும், அதில் சோறு போடவேண்டும், வெட்டவேண்டும். கண்ணாடி அலுமாரி வசதியானவர்களின் வியாதி.

இந்த முடிவுக்கு எங்களிடமிருந்த சான்று ஒரு புத்தகம். புறநகர் ஒன்றில் ஒரு முதியவர் காலமாகி, வீட்டைக் காலி செய்த பிள்ளைகள் மூன்று பெட்டி தமிழ்ப் புத்தகங்களைக் குப்பைவாளிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை; தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எழுத்தை மதித்து வாளிக்குள் போடாமல் வெளியே வைத்திருந்தார்கள். அதற்குள் அகப்பட்டது அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', 1973ஆம் ஆண்டின் வீரகேசரிப் பிரசுரம். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்து நாவல்களுக்கு ஒரு வாசகர் கூட்டம் கிடைத்தது. அந்த அலையில் வந்த மலிவுப் பதிப்புகளில் ஒன்று. முல்லைத்தீவின் தண்ணிமுறிப்புக் காட்டில், கதிராமனும் பதஞ்சலியும் தங்களுக்கென்று ஒரு வாழ்க்கையை வெட்டியெடுக்கிற கதை.

எங்கள் கைக்கு வந்த பிரதியில் ஒரு வாசிகசாலையின் ஊதா முத்திரை இருக்கிறது. திருப்பித்தரவேண்டிய தேதி 1978 மாசி மாதத்தில். அந்த முதியவரோ அவருக்குத் தெரிந்தவரோ எடுத்தார், திருப்பிக் கொடுக்கவில்லை. பெஞ்சமின் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் விடுவதையும் நூல் சேகரிக்கிற முறைகளில் ஒன்றாக, குறும்போடு, சொல்கிறார். அந்த வாசிகசாலையின் மற்றப் புத்தகங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு சின்னக் களவு இந்த ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறது. 56ஆம் பக்கத்தில் தேத்தண்ணிக் கறை. கடைசித் தாளில் யாரோ பள்ளிப்பிள்ளை போட்ட கூட்டல் கணக்கு, விடை பிழை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்நூலகத்தின் உபயத்தால் ஈழத்து நூல்கள் பலவற்றைக் கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். அது பெரிய காரியம், அதைச் செய்தவர்களுக்குக் கைகூப்புகிறோம். ஆனால் பிழையான கூட்டல் கணக்கைக் கண்டு நாங்கள் மூன்றுபேரும் இரவு இரண்டு மணிக்குச் சிரித்த சிரிப்பு இந்தத் தாளுக்கு உரியது. (டென்மார்க்கில் பெஞ்சமினின் நூல்கள் போய் இருந்ததும், பாலமனோகரன் பின்னாளில் புலம்பெயர்ந்து போய்ச் சேர்ந்ததும் அதே டென்மார்க் என்பதும் வெறும் தற்செயல். அதிலிருந்து ஒன்றையும் கட்டியெழுப்ப நாங்கள் விரும்பவில்லை.)

இவ்வளவையும் எழுதி இந்தக் கட்டுரையை முடித்திருக்கலாம். முதலில் அப்படித்தான் முடித்திருந்தோம்.

எங்கள் அறையில் நாலாவதாக ஒரு அண்ணை இருக்கிறார். ஐம்பது வயது. 1984இல் தண்ணிமுறிப்பிலும் அயலிலும் இருந்த தமிழ்ச் சனம் வெளியேற்றப்பட்டபோது ஒன்பது வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்தவர். அவரிடம் ஒரு பாக்குவெட்டி உண்டு, தாயினுடையது. துவாய்த் துண்டில் சுற்றிச் சூட்கேசின் அடியில் வைத்திருப்பார். ஒரு நத்தாருக்கு வேலையிடத்தில் வால்நட் கொட்டைகள் ஒரு பை தந்தார்கள். உடைக்க ஒன்றுமில்லை. அண்ணை இரவு வேலையில். புழக்கத்தில்தான் சந்தோசம் என்று எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எடுத்து உடைத்தோம். நல்லாக உடைத்தது. சாப்பிட்டு முடித்து, நாங்கள் தொழில்காரர் அல்லவா, கம்பித்தும்பு போட்டுத் தேய்த்து, சவர்க்காரத்தில் கழுவி, துடைத்து, மினுங்க மினுங்க மேசையில் வைத்தோம். கண்டு சந்தோசப்படுவார் என்றே நினைத்தோம்.

அண்ணை வந்து பார்த்தார். கையில் எடுத்து அலகை விரித்தார்.

"கழுவினியளோ?"

"ஓம் அண்ணை. கறை பிடிச்சுக் கிடந்தது."

"அது பாக்குக் கயர் தம்பி. அம்மா கடைசியாச் சீவினது."

ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். துவாய்த் துண்டில் சுற்றாமல் அதைச் சூட்கேசில் வைத்தார். மூன்று கிழமை எங்களோடு தேவைக்கு மட்டும் கதைத்தார்.

அந்த மூன்று கிழமையில் பெஞ்சமினைத் திரும்ப எடுத்தோம். பாரிஸ் நகரம் பற்றி 1935இல் அவர் எழுதிய ஒரு வரைவில், பொருள்களைப் பயன்படவேண்டும் என்ற அடிமைத்தனத்திலிருந்து விடுவிப்பவன் சேகரிப்பவன் என்ற கருத்து வருகிறது. முதலில் வாசித்தபோது அதைக் காசுக்காரரின் பேச்சு என்று தள்ளியிருந்தோம். பதினான்கு மணித்தியாலம் பயன்பட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற நாங்கள், ஒரு பாக்குவெட்டிக்கும் அந்த ஓய்வு வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. முதலாளியின் கண்ணாடிப் பெட்டியையும் அண்ணையின் துவாய்த் துண்டையும் ஒன்றாகக் கணக்குப் போட்டோம். முதலாளியின் பெட்டி வருகிறவர்கள் பார்ப்பதற்கு வைத்தது. அண்ணையின் துண்டு ஒருவரும் பார்க்காமல் இருப்பதற்குச் சுற்றியது. செவ்ர் பீங்கான் பற்றி நாங்கள் மேலே எழுதியதை மாற்றவில்லை. முடிவாகச் சொன்னதைத்தான் இப்போது அந்த உறுதியோடு சொல்ல முடியாமல் இருக்கிறது. பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அது யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும். பெஞ்சமின் உடைமை, உடைமை என்று திரும்பத் திரும்பச் சொன்னதை எங்களுக்கு ஒன்றும் சொந்தமில்லாத எரிச்சலில் பிழையாக வாசித்துவிட்டோம் போலும்.

நாலாம் கிழமை ஒரு திங்கட்கிழமை, எங்கள் எல்லாருக்கும் லீவு. அண்ணை எழும்பித் தேத்தண்ணி போட்டார், நாலு கோப்பையில். பிறகு, "நீங்கள் சிரிச்சுச் சிரிச்சு வாசிச்ச புத்தகம் எங்கட பக்கத்துக் கதையாம், உண்மையோ?" என்று கேட்டார். கொடுத்தோம். பின்னேரம் வரை கட்டிலை விட்டு எழும்பவில்லை. இடையில் ஒருதரம் சத்தமாகச் சிரித்தார். என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. பிறகு பென்சில் கேட்டார். பென்சில் இல்லை. ஓடர் எழுதுகிற நீலப் பேனை ஒன்று இருந்தது. இவ்வளவு பழைய பதிப்பில் பேனையால் எழுதினால் அதன் விலை போய்விடும் என்று, சேகரிப்பவரின் புத்தி, எங்களுக்கு வாய்வரை வந்தது. பேசாமல் கொடுத்தோம்.

காடு வருகிற பக்கங்களின் ஓரத்தில் மரங்களின் பெயர்களை எழுதியிருக்கிறார். பாலை. வீரை. முதிரை. ஒரு இடத்தில், 'இதாலை ஐயாவோடை வந்தனான்' என்று இருக்கிறது. இன்னொரு இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும். கடைசித் தாளில் அந்தப் பள்ளிப்பிள்ளையின் கூட்டலை வெட்டிச் சரியான விடையைப் போட்டிருக்கிறார். புத்தகம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, சூட்கேசுக்கு வெளியே, தலையணைக்குப் பக்கத்தில்.