களஞ்சியமா, கைவசமா?

இறையியல் மாணவர்கள் கிராமச் சபைகளில் பயிற்சி முடித்து எழுதித்தரும் அறிக்கைகளில், ‘பாடல் களஞ்சியம்’ என்னும் தலைப்பு அடிக்கடி தென்படுகிறது. அதன்கீழ் அச்சிட்ட பாட்டுப்புத்தகத்தின் பெயரையும் பாடல்களின் எண்ணிக்கையையும் குறித்து முடித்துவிடுகின்றனர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த அத்தகைய அறிக்கை ஒன்றைப் படித்தபோது, இச்சொல்லாட்சியை ஆராய்வது அவசியம் என நமக்குத் தோன்றியது. சொல் பிறழ்ந்தால் நோக்கும் பிறழும்.

படைப்புகளின் சேர்க்கையைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. எட்டுத்தொகையிலுள்ள ‘தொகை’யும், புறத்திரட்டிலுள்ள ‘திரட்டு’ம், ஒருவர் தேர்ந்து சேர்த்ததைக் குறிக்கும். இடைக்காலக் கல்வெட்டுகள் கூறும் ‘சரசுவதி பண்டாரம்’ ஏடுகளைக் காத்துவைத்த இடமாகும். ‘களஞ்சியம்’ தானியத்துக்குரிய சொல். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத்தால் அது அறிவுத் தொகுப்புக்கும் உரியதாக நிலைபெற்றது.

இச்சொற்கள் யாவும் வைக்கப்பட்டிருப்பதைக் கூறுகின்றன, பாடக்கூடியதைக் கூறுவதில்லை. ஆங்கிலத்தார் ‘ரெப்பர்ட்டரி’ என்று வழங்குவது, ஒருவரோ ஒரு குழுவோ வேண்டும்போது நிகழ்த்தத்தக்க நிலையில் வைத்திருக்கும் படைப்புகளையே. நம் இசைவாணர் இதனை நன்கறிவர். ஒவ்வொரு பாடலையும் ‘உருப்படி’ என்பர். குருவழியாக வந்த பாடும் முறையைப் ‘பாடாந்தரம்’ என்பர். ஒருவருக்கு எத்தனை உருப்படி ‘கைவசம்’ என்று கேட்பர். மேலைச் சொல்லுக்கு நேரான தமிழ், கைவசம் என்பதே நம் துணிபு.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம் தம்பியருடன் ஊர் ஊராகச் சென்று பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடினார். மேடையில் நின்றவருக்குத் துணையாயிருந்தது அலமாரியிலிருந்த நூலன்று, கைவசமிருந்த பாட்டு. நம் சபைகளின் வரலாறும் இதற்கு வேறன்று. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட கீர்த்தனை நூலில் இடம்பெற்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்கள், அந்நூலுக்கு முன்னரே பாடப்பட்டவை. பாட்டு முந்தியது; புத்தகம் பிந்தியது.

நாம் குறிப்பிட்ட அறிக்கைக்குரிய சபைக்குப் பின்னர் நாமே சென்றோம். எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் கீர்த்தனைகளைச் சரணம் தவறாமல் பாடினார். பின்பு, நடவுப் பாட்டின் மெட்டில் தம் தாயார் பாடிய சிலுவைப் பாட்டு ஒன்றையும் தயங்கித் தயங்கிப் பாடினார். அது எப்புத்தகத்திலும் இல்லாதபடியால் அறிக்கையிலும் இல்லை. “இதெல்லாம் கோயில்ல பாடலாமாய்யா?” என்று அவர் நம்மைக் கேட்டார். அவ்வினாவுக்குப் பொறுப்பாளர் அவரல்லர். அச்சேறியதே சபையின் பாட்டு எனக் கற்பித்த நாமே. நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) தம் பணியால் இதற்கு விடையளித்தார். நம் அறிக்கைகள் இன்னும் அவ்விடையைக் கேட்கவில்லை.

எனினும் கைவசமே போதும் என்பாரையும் நாம் ஏற்பதற்கில்லை. கைவசம் மட்டும் இருப்பின், பழகிய சில பாடல்களே ஞாயிறுதோறும் திரும்பத் திரும்ப வரும். முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் பள்ளத்தாக்கில் உழவர் விதைநெல்லைக் காத்துவைப்பது அடுத்த போகத்துக்காகவே. நூலும் அத்தகையது. லூக்கா 12இல் வரும் ஐசுவரியவான் களஞ்சியங்களைப் பெரிதாகக் கட்ட எண்ணினான். எவருக்கும் கொடுக்க எண்ணியதாக அங்கே செய்தியில்லை. மத்தேயு 13:52இல் வரும் வீட்டெஜமானோ தன் பொக்கிஷத்திலிருந்து பழையதையும் புதியதையும் எடுத்து வழங்குகிறான். சேர்த்துவைத்தல் குற்றமன்று, எடுத்துக் கொடாமையே குற்றம்.

ஆகவே அச்சிட்ட நூலைத் ‘திரட்டு’ என்றும், சபையார் பாடுவதைக் ‘கைவசம்’ என்றும் மாணவர் பிரித்தெழுதுவாராக. முன்னதை அறிய நூலகம் போதும். பின்னதை அறியச் சபையாரோடு அமர்ந்து கேட்க வேண்டும். அம்மூதாட்டி போன்றோர் உயிரோடிருக்கும்போதே கேட்க வேண்டும்.