நடக்க இருப்பவை: நோட்டீஸ், காலண்டர், வேடிக்கை

நோட்டீஸை யாரும் பிரதியாக வாசிப்பதில்லை. நாடகம் முடிந்து, பந்தலும் பிரித்தான பிறகுதான் நம் விமர்சகர்கள் பேனாவைத் திறக்கிறார்கள். ஆனால் இன்ன தேதி, இன்ன இடம், இன்னார் என்று ஒரு தாள் அச்சாகும்போதே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. எது கலை, யார் கலைஞர், எந்த நேரம் ஓய்வு நேரம், கீழே கொட்டை எழுத்தில் போடுகிற 'அனைவரும் வருக'வில் அந்த அனைவரும் யார் என்பதெல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. வட்டாரந்தோறும் மக்களுக்கான ஒரு கலைக்கூடம் வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கட்டடத்தைப் பற்றி நிறையப் பேசியாச்சு. அதன் வாசலில் மாட்டப்போகும் 'நடக்க இருப்பவை' பலகையைப் பற்றி யோசிப்பதற்கு விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வெளியூர்களில் நடக்கப்போகிறவற்றுக்கெல்லாம் தாள் அச்சடித்துக் கொடுக்கிற வட்டாரம் இது.

இருபதுகளின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம், அதை விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது அதன் ஒரு கிளை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ வேண்டும், லித்தோ வந்தபின் அதற்குத் தீனி வேண்டும். காலண்டர், டைரி, சினிமா போஸ்டர், கோவில் கொடை நோட்டீஸ் எல்லாம் இப்படி வந்தவைதான். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசியில் வழக்கம். மற்ற ஊர்கள் இந்த வருடத்தையே பாதிதான் கடந்திருக்கும். சிவகாசி அடுத்த வருடத்தை விற்பனைக்கு வைத்துவிடும். அப்படி அச்சாகிற 365 தாள்களில், அந்தத் தாளைக் கத்தரித்து அடுக்குகிறவர்களுக்கென்று எத்தனை மாலைகள் மிச்சம் என்பதுதான் கேள்வி.

தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடக நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் வேறோர் ஊர். ஏஜெண்ட் தனித்தனியாகப் பேசி முடிக்கிறார். ஒத்திகையும் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த பாட்டும் தர்க்கமும் எல்லோருக்கும் பாடம் என்ற நம்பிக்கையில், ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் எதிர்கொள்கிறார்கள். அப்படியானால் அந்தக் குழு முதன்முதலாக ஒன்றுகூடுவது எங்கே? நோட்டீஸில்தான். அச்சாபீஸ் மேசையில் இரண்டு முகங்களை அருகருகே ஒட்டும்போதே 'வள்ளி திருமணம்' பேசி முடிந்துவிடுகிறது. இந்தத் தாள் நிகழ்வைப் பற்றிச் சொல்வதோடு நிற்பதில்லை. நிகழ்வைக் கட்டுவதே இதுதான்.

கட்டும்போது யார் யாரை வெளியே விட்டுக் கட்டுகிறது என்றும் பார்க்கணும். உபயதாரர் பெயர் இருக்கும், விழாக் கமிட்டி இருக்கும், கடைசியில் 'ஊர்ப் பொதுமக்கள்' என்ற ஒற்றைச் சொல் இருக்கும். ஊர் என்றால் ஊர், காலனி என்றால் காலனி என்று பிரித்தே பேசிப் பழகிய மண்ணில் அந்தச் சொல்லுக்குள் எந்தத் தெரு வரை அடங்கும் என்று நோட்டீஸ் சொல்லாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அச்சடித்த கைகளுக்குப் பெயர் இருக்காது. நம் சிறுபத்திரிகைகளும் கருத்தரங்க அழைப்பிதழ்களும் இந்த விஷயத்தில் கோவில் கொடை நோட்டீஸைவிடப் பெரிய முற்போக்கு ஒன்றும் இல்லை. (கம்யூனிஸ்ட் மாநாட்டு அழைப்பிதழையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.)

சரி, கண்காட்சி? சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் போட்டுத்தந்தவர்களில் முதன்மையானவர் பக்கத்துக் கோவில்பட்டியின் சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணரிடம் போயிருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதுகிறவராகத் திரிந்து, நாற்பதுகளில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். டி.எஸ். சுப்பையா உள்ளிட்ட சீடர்கள் அவரைச் சுற்றி உருவானார்கள். அவர்கள் எழுதிய லட்சுமிக்கும் முருகனுக்கும் பின்னால் தெரிகிற மலையையும் குளத்தையும் மண்டபத்தையும் பாருங்கள். நாடகப் படுதா அப்படியே நிற்கும். கம்பெனிகள் நொடித்தபின் மேடையின் பின்திரை சுருங்கி வீட்டுச் சுவருக்கு வந்துசேர்ந்தது. வருடம் முடிந்ததும் சனங்கள் தேதித்தாளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, படத்தைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டினார்கள். கடையின் விளம்பரம் வீட்டின் சாமியானது. ஓவியக்கூடங்கள் தேர்ந்தெடுத்துக் காட்சிப்படுத்துவதற்கு நீண்ட காலம் முன்பே நம் அம்மாக்கள் செய்துமுடித்த தேர்வு இது. 'பஜார் ஆர்ட்' என்று நவீன ஓவியர்கள் சிலர் உதட்டைச் சுழித்ததை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இந்தப் படங்களின் சிவந்த மேனியும் நகை மூட்டையும் எந்த உடலை அழகு என்று வீட்டுக்குள் நிறுவின என்ற கேள்வியை விட்டுவிட்டு அவற்றைக் கொண்டாடவும் முடியாது. கருத்த மனிதர்கள் அச்சடித்து, கருத்த மனிதர்கள் கும்பிட்ட வெளுத்த தெய்வங்கள்.

2000இல் பாட்ரிசியா உபராயும் பூஜா சூட்டும் தொகுத்த இந்தியக் காலண்டர் படக் கண்காட்சியை ஜப்பானின் ஃபுகுவோகா ஆசியக் கலை அருங்காட்சியகம் நடத்தியது. குட்டி ஜப்பான் என்று பெயர் வாங்கிய சிவகாசியில் காலண்டர் படம் பார்க்க வேண்டுமானால் ஏஜெண்டின் ஆல்பத்தைப் புரட்ட வேண்டும். பெரிய ஜப்பானில் அது அருங்காட்சியகச் சுவரேறியது. இங்கே காட்சி என்றால் பொருட்காட்சிதான். விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கு நடக்கிறதே, ராட்டினமும் அப்பளமுமாக, அதைக் கேவலமாகச் சொல்லவில்லை. அங்கே கூடுகிற கூட்டம் எந்த ஓவியக்கூடத்துக்கும் வந்ததில்லை. மக்கள் கலைக்கூடம் வந்தால் அந்தக் கூட்டத்தின் நடையையும் சத்தத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். 'தொடாதே' பலகைகளோடு வந்தால் காலியாகவே கிடக்கும்.

இனி பட்டாசு. அதைத் தொழில் என்றும் சூழல்கேடு என்றும் பேசுகிறோம், நிகழ்த்துகலை என்று பேசுவதில்லை. ஆனால் 'வாண வேடிக்கை' என்றுதானே பெயர்? நேரம் குறித்து, கூட்டம் கூட்டி, இருட்டில் நடத்துகிற காட்சி. நிகழ்ச்சி நேரத்தை உச்சநீதிமன்றமே குறித்துக்கொடுத்த கலை வேறு எது? 2018 அக்டோபரில் தீபாவளியன்று ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை என்றது. தமிழ்நாட்டில் அதே இரண்டு மணி நேரத்தைக் காலை ஒன்றும் மாலை ஒன்றுமாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கலையின் ஒத்திகை வெடி ஆபீஸில் வருடம் முழுக்க நடக்கிறது. மருந்து கையாளும் அறையில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் கூடக்கூடாது என்பது விதி. கூட்டத்துக்கான காட்சியைச் செய்கிறவர்கள் கூட்டமாக உட்காரக்கூடாது! (அந்த விதி மீறப்படும்போது என்ன நடக்கிறது என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் 40 பேர் வரை செத்தார்கள். செத்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு அக்கம்பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள். 'வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள்' என்று அவர்களைப் பற்றி எழுதப்பட்டது. காப்பாத்த ஓடினவனும் பதறி ஓடினவனும் நம் மொழியில் வேடிக்கை பார்த்தவன் ஆகிவிடுகிறான். ஆயிரம் ரூபாய்ச் சரத்தைக் கொளுத்திவிட்டு மொட்டைமாடியில் நிற்கிறவனுக்கும் அதே சொல்தான். பார்வையாளர் என்ற நிலை பற்றி அரங்கியல் புத்தகங்களில் எவ்வளவோ வாசிக்கிறோம். இந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவற்றுக்குப் போகலாம்.

இந்த வட்டாரத்தைப் பிறர் பார்த்த பார்வைகள் நிறைய. சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) அவற்றில் நேர்மையானது. தீப்பெட்டி ஆபீஸுக்கு விடிவதற்கு முன்பே வேனேறிய பிள்ளைகளை அது நாட்டின் கண்முன் நிறுத்தியது. ஆனால் 'நடக்க இருப்பவை' பலகையில் அந்தப் படத்தின் பெயரை எந்த ஊரில், யாருக்காக எழுதினோம்? அன்று பத்து வயதில் வேனேறியவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து அந்தப் படத்தைத் திரும்பப் பார்ப்பதுதான் நிஜமான திரையிடலாக இருக்கும். அவர்கள் அதை மறுத்துப் பேசலாம், சிரிக்கலாம், எழுந்தும் போகலாம்.

முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகள் ஒரு காரியம் செய்தன. திருவண்ணாமலையில் தொடங்கிப் பல ஊர்களுக்கும் பரவி, நாட்டுப்புறக் கலைஞரையும் எழுத்தாளரையும் ஒரே மேடையில் ஏற்றி, விடிய விடியத் தெருவில் மக்களை உட்காரவைத்தன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அதன் நோட்டீஸில் ஒரே ஒரு தேதிதான் உண்டு. ஒயிலாட்டத்துக்கு அரை மணி, தப்பாட்டத்துக்குக் கால் மணி, பேச்சுக்கு ஒன்றரை மணி. கலைஞர்கள் 'ஐட்டம்' ஆனார்கள். இதற்கு நேர்எதிராக, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தொண்ணூறுகளில் நடத்திய தலித் கலை விழாக்களில் பறை தன் பெயரிலேயே வந்தது. சாவு வீட்டு ஊழியத்திலிருந்து விலகி நிற்கும் உரிமையோடு சேர்த்துப் பறையை அடித்தார்கள். எந்தக் கலை, எங்கே, யாருக்காக என்று அதைச் செய்கிறவர்கள் முடிவெடுத்ததுதான் வித்தியாசம்.

ஆகவே நேரத்தைப் பற்றிச் சண்டை போட்டாக வேண்டும். 'மாலை 6.30 மணி' என்று போடுகிற அழைப்பிதழ் வெடி ஆபீஸ் பொம்பளைகளை அழைக்கவில்லை. வேன் இறக்கிவிட்டு, அலுமினியப் பவுடர் போகக் குளித்து, அடுப்பை மூட்டும் நேரம் அது. பீஸ் ரேட்டில் வீட்டிலிருந்து பெட்டி ஒட்டுகிறவர்களுக்கு எந்த மாலையும் மாலை இல்லை. கை வேலை செய்துகொண்டே கேட்கக்கூடிய கலைகள் உண்டு: கதை, பாட்டு, வாசிப்பு. அவை தெருத்திண்ணைக்குப் போகட்டும், கூடத்துக்கு அவர்கள் வர வேண்டாம். நாடகமும் கண்காட்சியும் தீபாவளி முடிந்து ஆபீஸ்கள் பூட்டிக்கிடக்கும் வாரங்களில் வரட்டும். அந்த வாரங்களில் கூலி இருக்காது, அதனால் நுழைவுக் கட்டணமும் கூடாது. சுவரில் பழைய லட்சுமி வெடி லேபிள்களை மாட்டுங்கள். ஓவியர் பெயரோடு, அந்த லேபிளைச் சுற்றி ஒட்டிய பெண்கள் ஒரு குரோஸுக்கு என்ன வாங்கினார்கள் என்பதையும் அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.