திருப்பி வைத்த நகை

2024 ஜூன் கடைசி வாரம். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். மீமிசலில் ஒரு வங்கியின் நகைக்கடன் கவுண்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அறுபத்தொரு நாள் பாடு இல்லாமல் ஓட்டிய வீடுகளின் சங்கிலியும் தோடும் உள்ளே கிடக்கிற பருவம் அது. வரிசை வாசல்வரை நின்றது. அப்ரைசர் ஒரு வளையலை உரைகல்லில் இழைத்து, விழுந்த மஞ்சள் கீற்றின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். என் கைபேசியில் இலங்கைச் செய்தி ஓடியது. பக்கத்தில் இருந்த கோட்டைப்பட்டினத்து அம்மா எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, அவுங்களுக்குக் கடனத் தள்ளுபடி பண்ணிட்டாகளாமே?”

“தள்ளுபடி இல்லம்மா. 2028 வரைக்கும் அசலக் கட்ட வேணாமாம். பெறகு 2043 வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமாக் கட்டணுமாம்.”

“அப்பத் திருப்பி வச்சிருக்காக. நகை உள்ளதான கெடக்கு” என்றவர், தன் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்களா என்று திரும்பிக்கொண்டார்.

அந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் சரி? முக்கால்வாசி சரி என்பது என் முடிவு. மிச்சக் கால்வாசிக்குத்தான் கொஞ்சம் அலசல் தேவைப்படுகிறது.

அன்று கையெழுத்தானது இதுதான். 2024 ஜூன் 26ஆம் தேதி, கடன் கொடுத்த 17 அரசுகளின் குழுவோடு 580 கோடி டாலர் கடனைத் தவணை மாற்றிக்கொள்ள இலங்கை பாரிசில் ஒப்புக்கொண்டது. அதே நாளில் பெய்ஜிங்கில் சீனாவின் எக்சிம் வங்கியோடு 420 கோடி டாலருக்குத் தனியாக ஓர் ஒப்பந்தம். அன்றைய அதிபர் ரணில் விக்ரமசிங்க தொலைக்காட்சியில் தோன்றி, அரசுகளுக்குக் கட்டவேண்டிய தவணைகள் 2028 வரை தள்ளிப்போய்விட்டதாக அறிவித்தார். கொழும்பில் வெடி வெடித்தார்கள். தமிழ்நாட்டில் தள்ளுபடி என்றால் அதற்குத் திட்டமான பொருள் உண்டு. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவித்தபோது அசல் அழிந்தது. பாரிசில் அசலில் ஒரு டாலர்கூட அழியவில்லை. வட்டி குறைந்தது, காலம் நீண்டது, அவ்வளவே.

பாரிஸ் குழுவின் இணைத்தலைவர்கள் மூன்று பேர்: ஜப்பான், பிரான்ஸ், இந்தியா. வாங்கியவன், கொடுத்தவன் இருவருக்கும் தமிழில் ஒரே சொல்தான். “கடன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான்” என்றால் கொடுத்தவன். “அவன் பெரிய கடன்காரன்” என்றால் வாங்கியவன். இந்தியாவுக்கு இந்தச் சொல் இரண்டு பக்கமும் பொருந்தும். 1991 ஜூலையில் அந்நியச் செலாவணி வறண்டு, ரிசர்வ் வங்கியின் கையிருப்பிலிருந்து 46.91 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்து, ஏறக்குறைய 40 கோடி டாலர் வாங்கிய நாடு இது. மீமிசல் வரிசையில் நிற்பவர்களுக்கு அந்தக் கூச்சம் தெரியும். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து அதே ஜப்பானுக்குப் பக்கத்து நாற்காலியில், கொடுத்தவனாக. அப்படி உட்கார்ந்தவர் எப்படிப் பேரம் பேசினார் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

முதல் கட்டத்தில் இந்தியா நடந்துகொண்டதில் குறை சொல்ல அதிகமில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்டப்போவதில்லை என்று இலங்கை அறிவித்தது. 1948க்குப் பிறகு முதல்முறை. அடுத்த மாதம், செலவழிக்கத்தக்க கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அதற்கு முன்பே இந்தியா 40 கோடி டாலர் நாணய மாற்று, எரிபொருளுக்கு 50 கோடி, உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி என்று கொடுத்திருந்தது. அந்த ஆண்டில் மொத்த உதவி 400 கோடி டாலரை ஒட்டி வந்தது. தமிழ்நாடு அரசும் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்து என்று 123 கோடி ரூபாய்க்குப் பொருள் கொடுத்தது. முதல் கப்பல் மே 18ஆம் தேதி சென்னையிலிருந்து கிளம்பியது. அது கடனாகப் போகவில்லை. தனுஷ்கோடி மணல்திட்டில் கைக்குழந்தையோடு அகதிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். அப்போது பன்னாட்டு நாணய நிதியம் இன்னும் பேச்சுவார்த்தையிலேயே இருந்தது.

ஆனால் அந்த 400 கோடியில் கணிசமான பகுதி கடன்வரிசை என்ற வகை. எங்கள் கரையில் இதற்கு முன்பணம் என்று பெயர். தடைக்காலம் முடிந்து படகு இறக்க டீசலுக்கும் ஐசுக்கும் வலைக்கும் வியாபாரி பணம் கொடுப்பார். அந்தப் படகின் இறாலும் கணவாயும் அவர் தராசுக்குத்தான் போகவேண்டும்; விலையை அவரே சொல்வார். வேறொருவர் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடக் கொடுத்தாலும் படகுக்காரர் கேட்காத மாதிரி போய்விடவேண்டும். இந்திய எக்சிம் வங்கியின் கடன்வரிசையில் பொதுவாக முக்கால் பங்குப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்தே வாங்கியாக வேண்டும். கொடுத்த பணம் கொடுத்தவர் சந்தைக்கே திரும்பி வருகிறது, கடன் மட்டும் வாங்கியவர் பெயரில் நிற்கிறது. பசித்த நேரத்தில் கிடைத்த முன்பணத்தைப் பழிக்க முடியாதுதான். அதைக் கொடை என்று சொல்லிக்கொண்டு திரிவதை ஒப்ப முடியாது.

இரண்டாவது கட்டம் பேரம். நிதியத்தின் 290 கோடி டாலர் வேண்டுமானால், கடன் கொடுத்த அரசுகள் சலுகை தருவதாக முதலில் உறுதி எழுதித் தரவேண்டும். 2023 ஜனவரியில் அந்தக் கடிதத்தை முதலில் கொடுத்தது இந்தியா. இதுதான் இந்தியா பெற்ற உச்சபட்ச மதிப்பெண். அதற்குப் பிறகுதான் பணக்காரக் கடன்கொடுப்போரின் பழைய மன்றமான பாரிஸ் குழுமம் வந்தது. சீனா முதலில் இரண்டு ஆண்டு தவணை விடுப்பு மட்டும் தருவதாக எழுதி, மார்ச்சில்தான் வழிக்கு வந்தது. மார்ச் 20ஆம் தேதி நிதியத்தின் ஒப்புதல். ஏப்ரலில் வாஷிங்டனில் நிர்மலா சீதாராமனும் ஜப்பான், பிரான்ஸ் பிரதிநிதிகளும் சேர்ந்து, பின்னால் பாரிசில் ஒப்புக்கொண்ட அந்தப் பொதுக்குழுவை அறிவித்தார்கள். சீனா உள்ளே வரவில்லை, பார்வையாளராக ஓரத்தில் நின்றது.

அங்கிருந்து கையெழுத்துக்கு இன்னும் பதினான்கு மாதம். கடன் நிறுத்தத்திலிருந்து எண்ணினால் இருபத்தாறு. இத்தனை மாதம் கழித்து வந்த ஒப்பந்தத்தின் முழு வாசகத்தைக் கையெழுத்தான அன்று இரண்டு நாட்டு மக்கள் முன்னும் வைக்கவில்லை. எல்லாக் கடன்காரர்களையும் ஒரே மாதிரி நடத்தவேண்டும் என்பது இந்தக் குழுக்களின் அடிப்படை விதி. ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல் அந்த விதியை எப்படிச் சரிபார்ப்பது?

சீனாதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற பேச்சு நம் தொலைக்காட்சிகளில் எளிதாக விலைபோகிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை நகையைப் போலப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பார்கள். 2017இல் நடந்தது 99 ஆண்டுக் குத்தகை. அதற்கு வந்த 112 கோடி டாலர் கையிருப்பில் சேர்ந்தது, துறைமுகக் கடன் அப்படியே நின்றது. நாடுகளின் கடனில் பெட்டகத்தில் நகை கிடையாது. கோட்டைப்பட்டினத்து அம்மாவின் கணக்கு பிசகும் ஓர் இடம் இது. இலங்கையின் கழுத்தை நெரித்தது 2007இல் 50 கோடி டாலரில் தொடங்கிய சந்தைப் பத்திரங்கள். 2022இல் அவை 1,255 கோடி டாலர். சீனாவின் பங்கு அரசின் வெளிநாட்டுக் கடனில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

இந்தப் பத்திரக்காரர்களின் கதைதான் முக்கியம். 2024 செப்டம்பர் 19ஆம் தேதி, அதிபர் தேர்தலுக்கு இரண்டே நாள் முன்பு, அவர்களோடு உடன்பாடு. அசலில் 27 விழுக்காடு வெட்டு என்று அறிவித்தார்கள். அரசுகள் வெட்டாத அசலைச் சந்தை வெட்டிவிட்டதே என்று வியக்கத் தோன்றும். அடியில் ஒரு விதி இருக்கிறது: 2025 முதல் 2027 வரை நாட்டின் மொத்த உற்பத்தி குறித்த அளவைத் தாண்டினால் வெட்டிய அசலில் ஒரு பகுதி திரும்ப ஒட்டிக்கொள்ளும். நோயாளி எழுந்து நடந்தால் வைத்தியர் கூலியைக் கூட்டிக்கொள்வார். புதிய பேரம் பேசுவோம் என்று தேர்தலில் சொல்லி வென்ற அநுர குமார திசாநாயக்கவும் அதையே ஏற்றுக்கொண்டு டிசம்பரில் மாற்றி முடித்தார். அரசுகள் விட்டுக்கொடுத்த காலத்தில்தான் பத்திரக்காரர்களுக்கு வட்டி கிடைக்கிறது. பாரிஸ் குழு வலுவாக உட்கார்ந்திருந்தால், “நாங்கள் அசலில் இவ்வளவு விடுகிறோம், நீங்களும் இவ்வளவு விடுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். தானே விடாதவர் மற்றவரிடம் கேட்க முடியாது.

இவ்வளவுதான் முடியும் என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய கையெழுத்தைக் காட்டவேண்டும். 1953 பிப்ரவரி 27ஆம் தேதி லண்டனில் மேற்கு ஜெர்மனியின் கடனை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்கள். வணிக உபரியிலிருந்து கட்டும் சக்திக்கு ஏற்பத் தவணை அமைந்தது. போரை மூட்டிய நாட்டுக்குப் பாதிக் கடன் போனது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுகளில் ஒன்று இலங்கை. கொழும்பிலிருந்து பாரிசுக்குப் போனவர்கள் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருக்கவேண்டும் என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

மறுபக்க வாதம் லேசானதல்ல. தவணை மாற்றம் நடந்திராவிட்டால் நிதியத்தின் பணம் வந்திருக்காது. வந்ததால் 2024 முடிவில் கையிருப்பு 600 கோடி டாலரைத் தாண்டியது, பொருளாதாரம் 5 விழுக்காடு வளர்ந்தது. 2022 செப்டம்பரில் 70 விழுக்காட்டைத் தொட்ட பணவீக்கம் அடங்கியது. இந்தியாவிலும் ஏழைகள் இருக்கிறார்கள், அவர்கள் வரிப்பணத்தை எப்படி அழிப்பது என்ற கேள்வியும் நியாயமானதே. தவிர, தனிப்பட்ட முறையில் இந்தியா கொஞ்சம் விட்டது: காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கான 6.15 கோடி டாலர் கொடையாக மாறியது. 2025 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் பிரதமர் மோடி, ஆறே மாதத்தில் 10 கோடி டாலருக்கு மேல் கடனைக் கொடையாக மாற்றியதாகவும் வட்டியைக் குறைப்பதாகவும் சொன்னார். நான் விட்டுவைத்த கால்வாசி இதுதான். நிறைய இல்லை, பொய்யும் இல்லை.

ஆனால் தட்டின் மறுபக்கத்தில் நிற்பவை கனம். நிதியத்தின் இலக்கே, 2032இல் அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 95 விழுக்காட்டுக்குக் கீழே வரவேண்டும் என்பதுதான். எல்லாம் சரியாக நடந்தாலும் அவ்வளவு பாரம் மிச்சம். விற்பனைமேல் விழும் வாட் வரி 8 விழுக்காட்டிலிருந்து 18க்குப் போனது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 விழுக்காடு, அடுத்த பிப்ரவரியில் இன்னொரு 66 விழுக்காடு ஏறியது. உலக வங்கிக் கணக்கில் 2024இல் நான்கில் ஒருவர் வறுமையில் இருந்தார். உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகள் தப்பின; ஊழியர் சேமலாப நிதி மாட்டியது. கைவசமிருந்த பத்திரங்களை நீண்டகாலப் பத்திரமாக மாற்றிக்கொண்டு, 2025 வரை 12, பிறகு 9 விழுக்காடு வட்டிக்கு ஒப்புக்கொள், இல்லாவிட்டால் 14 விழுக்காடு வரி 30 ஆகும் என்றார்கள். நுவரெலியாவில் கொழுந்து பறிக்கிற மலையகத் தமிழ்ப் பெண்ணின் ஓய்வுக்காலப் பணமும் அந்த நிதியில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அரசியல் பொருளியலாளர் அகிலன் கதிர்காமர் போன்றவர்கள் இதையெல்லாம் திரும்பத் திரும்ப எழுதினார்கள். பாரிஸ் மேசைக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை.

“இவ்வளவு கொடுத்தோமே, நம்ம படகையாவது திருப்பித் தரக்கூடாதா?” என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்பார்கள். இலங்கை பிடித்துவைத்து, மயிலிட்டியில் மழையில் ஊறிக் கிடக்கும் விசைப்படகுகளை நினைத்து வரும் ஆற்றாமை அது. கொழும்பில் அதே ஏப்ரல் நாளில் மோடியும் மீனவர்களையும் படகுகளையும் விடச் சொன்னார். ஆனால் கடனைக் காட்டிப் படகு கேட்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் படகுகள் இழுக்கும் இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்த மடியில் வலை அறுந்து நிற்பவன் நெடுந்தீவுத் தமிழன், அந்த 18 விழுக்காடு வரி கட்டுபவனும் அவனே.

ஆகவே என் தீர்ப்பு: 2022இன் இந்தியா நல்ல பக்கத்துவீட்டுக்காரர். 2023 ஜனவரியின் இந்தியா துணிந்த பக்கத்துவீட்டுக்காரர். பாரிசின் இணைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த இந்தியா, 1991ஐ மறந்துபோன சராசரிக் கடன்காரர். மற்றவர்கள் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கிற பேரேட்டையே பிரித்து எழுதினார். அசல் வெட்டை முன்மொழிய முடியாமல் போயிருக்கலாம். ஒரு புயல் விதியையாவது கேட்டிருக்கலாம். கரிபியக் கடலின் கிரெனடா 2015இல் தன் கடனைச் சீரமைத்தபோது, சூறாவளி அடித்தால் தவணை தானாகத் தள்ளிப்போகும் என்று எழுதி வாங்கியது. 2024இல் பெரில் அடித்தபோது அந்த விதி வேலை செய்தது. இலங்கையின் புதிய பத்திரங்களில் நாடு செழித்தால் கூடுதலாகத் தரும் விதி இருக்கிறது, புயல் விதி இல்லை. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தது. 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மலையகத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. டிசம்பரில் இந்தியா 45 கோடி டாலர் உதவி அறிவித்தது. அதில் 10 கோடி கொடை, மிச்சம் 35 கோடி சலுகைக் கடன்.